உப்பு விளக்கிற்கு எந்தப் பல்பு பொருத்தம்?

கேள்வி (ஏற்காட்டுவாசி):
வணக்கம். நாகலூர் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் மூன்று கிலோ எடையுள்ள உப்பு விளக்கு (உப்புக்கல்லைக் குடைந்து உள்ளே பல்பு வைத்தது) ஒன்று இருக்கிறது. அதிலிருந்த பல்பு போய்விட்டதால், கடையில் கொடுத்த 0.5 வாட்ஸ் எல்இடி இரவு பல்பைப் போட்டோம். மூடுபனி இறங்கத் தொடங்கியதிலிருந்து கல்லின் மேல் நீர் முத்து முத்தாகப் பூத்து, அடிக்கட்டையில் வழிந்து, மேசையில் வெள்ளையாகப் படிகிறது. குறை கல்லிலா, பல்பிலா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (செவ்வாய்ப்பேட்டை எலக்ட்ரீஷியன்):
ஐயா, கல்லில் குறையில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். சேலத்து வெயிலில் வெளியே தெரியாத இந்தக் குணம், சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் ஊரில் மழைக்காலம் வந்ததும் தெரிந்துவிடுகிறது. குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கையாவது வெப்பமாக விடுவதால், கல் வெதுவெதுப்பாகி மேற்பரப்பு உலர்ந்திருக்கும். அரை வாட்ஸ் எல்இடியில் அந்தச் சூடு கிடைக்காது.

உங்கள் விளக்கிற்கு 15 வாட்ஸ் குண்டு பல்புதான் சரி. கடையில் பழைய 'ஜீரோ வாட்ஸ்' குண்டு பல்பு என்று கேளுங்கள். பெயரில்தான் பூஜ்யம், உண்மையில் 12 முதல் 15 வாட்ஸ் வரை இழுக்கும். அதே பெயரில் இப்போது எல்இடியும் விற்பதால், கண்ணாடிக்குள் இழை இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். ஐந்தாறு கிலோ கல்லாக இருந்தால் 25 வாட்ஸ் போடலாம். அதற்கு மேல் போனால் ஹோல்டர் சூடேறிக் கெடும், கல்லும் விரிசல் விடக்கூடும். பின் வகையா, சிறிய மரை வகையா என்று குழம்பாமலிருக்கப் பழைய பல்பையே கையில் கொண்டுபோங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த விளக்கென்றால் அதிலுள்ள 120 வோல்ட் பல்பை நம் 230 வோல்ட்டில் போடவே கூடாது.

பதில் 2 (காப்பித் தோட்டத்து அம்மா):
தம்பி சொன்னது சரி; ஆனால் பல்பை மாற்றும் முன் ஹோல்டரைப் பாருங்கள். உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்து, பித்தளை முனைகளில் பச்சை பூத்திருந்தால் ஹோல்டரையும் வயரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். சுரண்டிவிட்டு அதையே போடுவது ஆபத்து. அடியில் பீங்கான் தட்டு வையுங்கள். வெளியூர் போகும்போது கல்லைத் துடைத்து, ஆறவிட்டு, பாலித்தீன் உறையால் இறுகக் கட்டிவையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரவும் பகலும் எரியவிட்டால் மின்கட்டணம் ஏறுமா? டிம்மரில் குறைத்து வைக்கலாமா?

பதில் 1 (செவ்வாய்ப்பேட்டை எலக்ட்ரீஷியன்):
15 வாட்ஸ் பல்பு நாள் முழுதும் எரிந்தாலும் மாதத்திற்குச் சுமார் 11 யூனிட்தான் ஆகும். டிம்மரைக் குறைத்தால் சூடும் குறைந்துவிடும் என்பதால், பனியும் மழையும் இருக்கும் மாதங்களில் முழு அளவிலேயே எரியவிடுங்கள்.