சேரும் முன் கல்லூரி வகுப்பில் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

வணக்கம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். பி.எஸ்சி.யில் இயற்பியலா, புள்ளியியலா என்று குழப்பம். என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் காட்டினேன். நிகழ்தகவை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்டவள், குவாண்டம் வந்ததும் போனை எடுத்துவிட்டாள். ஆனாலும் இயற்பியலை விட மனசில்லையாம்!

அமெரிக்காவில் பல கல்லூரிகள், சேர நினைக்கும் மாணவர்களை வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுகின்றன. இங்கே கேட்டால் வாசலிலேயே வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று தயக்கம். திருச்சி, தஞ்சாவூர் பக்கம் கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்: காலாண்டு விடுமுறையில் முதலாண்டு வகுப்பில் ஒரு மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார யாரிடம் கேட்பது? துறைத் தலைவரிடமா, முதல்வரிடமா? பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வர வேண்டுமா?