அன்ரிபெல்லம் எண்டா என்ன? எங்கட பழைய வீட்டுக்குப் போடலாமோ?

வயற்கரை:
வணக்கம், தங்கச்சி இங்கிலிஸ் வகுப்புக்கு வீட்டைப் பற்றி ஒரு பந்தி எழுதினவள், விசுவமடுவில இருந்த பழைய கல்வீட்டைத்தான், ஷெல் விழுந்து இப்ப அத்திவாரமும் கிணறும்தான் மிச்சம். சண்டைக்கு முந்தின வீடு எண்டுறதுக்கு போனில தேடி அன்ரிபெல்லம் ஹவுஸ் எண்டு போட்டிட்டாள். கனடாவில இருக்கிற மச்சாள் வாசிச்சிட்டு ஒரே சிரிப்பு, ஏனெண்டு கேட்டா சொல்லுறாவுமில்ல. அன்ரி எண்டா எதிர்ப்புத்தானே, அப்ப சண்டைக்கு எதிரான வீடோ 😄

குளக்கட்டு:
இது வேற அன்ரி தம்பி. லத்தீன்ல முந்தி எண்டு கருத்து, பெல்லம் எண்டா போர். காலமை மணிக்கு ஏ.எம். போடுறமே, அந்த ஏ-யும் இதே சொல்தான். தங்கச்சி கருத்தைப் பிழையா எடுக்கேல்ல, ஆனா இதைப் பெரும்பாலும் அமெரிக்காவில 1861 இல தொடங்கின உள்நாட்டுப் போருக்கு முந்தின காலத்துக்குத்தான் பாவிக்கிறவை, அதுவும் தென்மாநிலங்களுக்கு. அன்ரிபெல்லம் ஹவுஸ் எண்டா வெள்ளைத் தூண் வைச்ச பருத்தித்தோட்ட முதலாளி வீடுதான் கண்ணில வரும், மச்சாள் அதுக்குத்தான் சிரிச்சிருப்பா.

ஏ9காரன்:
அந்தத் தோட்டமெல்லாம் அடிமையளை வைச்சு நடத்தினது. லேடி அன்ரிபெல்லம் எண்ட இசைக்குழு 2020 இல லேடி ஏ எண்டு பேரை மாத்தினதும் அதாலதான். பிரீ வோர் எண்டு போடச் சொல்லுங்கோ.

முறிகண்டி:
பிரீ வோர் சரி, எந்தச் சண்டைக்கு முந்தி? எங்கட அப்பா 90க்கு முந்தினதைச் சொல்லுவார், நான் 2008ஐ நினைப்பன், இடம்பெயர முந்தி எண்டாலும் எந்த இடம்பெயர்வு எண்டு திருப்பிக் கேக்கோணும். வீடு எப்ப கட்டினது?

வயற்கரை:
அம்மாட்டக் கேட்டன். 2003 இல அத்திவாரம் போட்டு காசு காணாம இழுபட்டு 2005 இலதான் ஓடு போட்டதாம். சமாதான காலத்து வீடு எண்டுறா. அப்ப முந்தியுமில்ல பிந்தியுமில்ல 🙄

குளக்கட்டு:
ரெண்டு சண்டைக்கு நடுவில எண்டுறதுக்கு இன்ரர்பெல்லம் எண்டு ஒண்டு கிடக்கு, தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதைங்கோ, அது ரெண்டு உலகப்போருக்கு இடைப்பட்ட காலத்துக்குப் போடுறது, மச்சாள் பிறகும் சிரிப்பா. 2002 பெப்ரவரியிலதானே அரசுக்கும் புலிகளுக்கும் இடையில சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, சீஸ்ஃபயர் நேரம் கட்டின வீடு எண்டு நேரா எழுதட்டும், வருசத்தையும் போடட்டும்.

வயற்கரை:
மாத்திட்டாள், நன்றி எல்லாருக்கும். மச்சாளுக்கும் சொல்லிவிட்டன், தூண் ஒண்டும் இருக்கேல்ல, வாசலில ரெண்டு பூவரசுதான் நிண்டது எண்டு.