பேக்ஃபயர்: ஒரு சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 1978 செவ்ரோலே சி-10 பிக்கப், 350 வி8 எஞ்சின். அதன் இக்னிஷன், எக்ஸாஸ்ட் வேலைகளைத் தமிழில் எழுதிவருகிறேன். பேக்ஃபயருக்குப் 'பின்தீ', 'பின்வெடி' இரண்டில் எது பொருத்தம்?

'பின்தீ'யைத் தள்ளிவிடலாம். படித்தவுடன் பின்பக்கம் தீப்பிடித்த வண்டிதான் மனதில் வருகிறது. 'பின்வெடி' நல்ல சொல். ஆனால் பேக்ஃபயர் வரும் இடத்திலெல்லாம் அதையே போட்டால் ஆங்கிலத்தில் இருக்கும் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறோம். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் வாய்வழியாகத் தீ துப்பினாலும் அங்கே பேக்ஃபயர், சைலன்சருக்குள் டமார் என்று வெடித்தாலும் பேக்ஃபயர். நம்மூர் மெக்கானிக் 'கார்புரேட்டர் துப்புது' என்பார், இல்லையென்றால் 'சைலன்சர்ல வெடிக்குது' என்பார். எந்தப் பக்கம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போவது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இரண்டும் வேறு வேறு கோளாறு என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். முதலில் கார்புரேட்டர் பக்கம். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால், சிலிண்டர்களுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் ஒரு சுற்று. அதனால் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும்: கலவையை அமுக்கும் வீச்சின் முடிவில் ஒரு தடவை (பொறி விழ வேண்டியது இந்த உச்சியை ஒட்டித்தான்), புகை வெளியேறும் வீச்சின் முடிவில் இன்னொரு தடவை. டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி மாட்டுபவர் இந்த இரண்டாவது உச்சியை முதலாவது என்று நினைத்து அதற்குள் சுழலும் ரோட்டரைப் பொருத்திவிட்டால், கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கும் வேளையில் பொறி விழும். தீ மேல்நோக்கிப் பாய்ந்து கார்புரேட்டர் வழியே வெளியே வரும். ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிவிட்டு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் புருவம் போய்விடும். கலவையில் பெட்ரோல் குறைந்து மெதுவாக எரிந்தாலும், இன்டேக் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே துப்பல் வரலாம்.

சைலன்சர் பக்கம் கதை வேறு. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் போய், அங்கே காற்றும் சூடும் கிடைத்ததும் வெடிக்கிறது. ஒரு பிளக் மிஸ் அடித்தால் போதும். டைமிங், அதாவது பொறி விழும் நேரம், ரொம்பப் பின்தங்கியிருந்தாலும் எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் கலவை எரிந்துகொண்டே இருக்கும். சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டு அதிகமாகச் சூடேறும். மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஓட்டை இருந்தால் இன்னும் வசதி. புகை துடிப்புத் துடிப்பாக வெளியேறுவதால், இடையிடையே குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்படி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து காது கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டு, இரும்பு சூடேறி விரிந்ததும் நின்றுவிட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். இணைப்பு ஓரத்தில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஒரு வரி கூடுதலாக: 350 எஞ்சினில் எட்டு சிலிண்டர்களும் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் அடுத்தடுத்து எரிகின்றன, இடத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் பிளக் ஒயர்களை ஒட்டி ஓடவிட்டால் ஒன்றின் பொறி மற்றதற்குத் தாவி, அது நேரம் தவறி எரியக்கூடும். குறிப்புகளில் இதை மறக்காமல் எழுதுங்கள்.

ஆங்கிலச் சொல் எவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு இரண்டு உதிரிப் பாகங்களே சாட்சி. அமெரிக்காவில் 1940 ஏப்ரலுக்குப் பிறகு படகில் பொருத்தும் பெட்ரோல் எஞ்சின்களுக்கு, வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின்கள் நீங்கலாக, பேக்ஃபயர் தீயைத் தடுக்கும் சாதனம் கட்டாயம். அது பொதுவாகக் கார்புரேட்டரின் மேல் உட்காரும். எக்ஸாஸ்ட்டுக்குள் காற்றை ஊதும் பம்ப் வைத்த பழைய வண்டிகளிலோ ஆன்டி-பேக்ஃபயர் வால்வு என்று ஒன்று உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சர் வெடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பெயர் ஒன்றுதான், எஞ்சினின் இரு முனைகள்! சைலன்சர் வெடிப்பை மட்டும் ஆஃப்டர்ஃபயர் என்று பிரித்துச் சொல்பவர்கள் ஆங்கிலத்திலும் இருக்கிறார்கள், பட்டறை வரை அது இறங்கவில்லை.

ஆகவே என் பரிந்துரை:

கார்புரேட்டர் பக்கம் வருவது எதிர்வெடி. காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் ஓட்டத்துக்கு எதிராகத் தீ பாய்கிறது.

சைலன்சர் பக்கம் வருவது பின்வெடி. புகை தன் வழியில்தான் போகிறது, எரிதல்தான் பிந்திவிட்டது. 'பின்' என்பதற்குப் பிறகு என்றும் பொருள், பின்பக்கம் என்றும் பொருள். இங்கே இரண்டும் பொருந்துவது நம் அதிர்ஷ்டம்.

'எதிர்வெடி'யைச் சத்தமாகச் சொன்னால் திருவிழா அதிர்வெடி மாதிரிக் காதில் விழுகிறது என்று யாராவது சொல்வீர்கள். உண்மைதான். 'எதிரெரி' என்று மாற்றிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. 'வேட்டு' என்று முடித்தால் மெக்கானிக்கே வண்டிக்கு வேட்டு வைத்த பொருள் வந்துவிடும். எதிர்வெடியே இருக்கட்டும். 'துப்பல்' போதாதா என்றால், பேச்சுக்குப் போதும். கூட்டுச்சொல் செய்யும்போது தடுமாறும்.

கூட்டுச்சொல்லில் தேறுகிறதா என்று பார்த்தேன். கார்புரேட்டர் மேல் இருப்பது எதிர்வெடித் தீத்தடுப்பி. காற்றுப் பம்போடு வருவது பின்வெடித் தடுப்பு வால்வு. ஆங்கிலப் பெயரைவிட இவை தெளிவு. வால்வை வால்வாகவே விட்டிருக்கிறேன். 'ஓரதர்' என்று திருத்த வருபவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.

அப்புறம், நண்பர் அனுப்பிய வரைவில் ஓர் இடம்: "பின்வெடி வந்தால் டைமிங்கை முன்தள்ளவும்." இப்போதைக்கு அதை நிறுத்திவையுங்கள். எதிர்வெடி வரும் வண்டிக்காரர் அதைப் படித்து அப்படியே செய்தால் நிலைமை மோசமாகலாம். எந்த வெடி என்று பிரித்துவிட்டு, முதலில் டைமிங் லைட்டால் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி, குழாயின் வாயை அடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பதையும் சேருங்கள். உங்கள் ஊரில் கோல்ஃப் பந்து வைக்கும் மரமுளையை அதற்குச் செருகுவார்கள், கச்சிதமாக உட்காரும். எத்தனை டிகிரி என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள். 'மிஸ்ஸிங்'குக்கு 'பொறிதவறல்' என்று ஒருவர் முன்பு சொன்னார். பொறி சரியாக விழுந்தும் கலவை எரியாமல் போவதுண்டு என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அதை அடுத்த மடலில் பேசுவோம்.