வார்ஃபரின் எடுப்பவருக்கு டெவில்ஸ் கிளா, கேன்சர் புஷ், பப்பரப்புளி மாவு கொடுக்கலாமா?

சட்ஸ்வொர்த் மகள்:

அனைவருக்கும் வணக்கம். அறுபது வயதைக் கடந்த என் தந்தையார் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும், இதயத் துடிப்பு சீராக இல்லாததால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் பல ஆண்டுகளாக எடுத்துவருகிறார். முழங்கால் வலி கூடியதிலிருந்து, கோயிலில் பழகியவர்கள் ஆளுக்கொரு பொருளைச் சொல்ல, டெவில்ஸ் கிளா மாத்திரை, கேன்சர் புஷ் இலைத்தூள், நம் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்திலிருந்து வரும் பப்பரப்புளி (பாவோபாப்) மாவு ஆகிய மூன்றும் எங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டன. மூன்றும் இந்த மண்ணில் விளைபவை, தலைமுறை தலைமுறையாக மக்கள் உண்டு பழகியவை, ஆகவே கெடுதல் செய்யமாட்டா என்பது அப்பாவின் உறுதியான நம்பிக்கை. வெந்தயத்தையும் முருங்கையையும் நாம் ஓரளவு அறிவோம். இவற்றைப் பற்றித் தமிழில் விளக்கமாக எதையும் நான் படித்ததில்லை. எதனால் என்ன பயன், எதைத் தொடரலாம், எதை நிறுத்த வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

டர்பன் மருந்தாளுநர்:

வணக்கம் அம்மா. டெவில்ஸ் கிளா மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு மீதியைப் படியுங்கள். அது பயனற்றது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் பட்டியலில் வலிக்கு ஓரளவு சான்று உள்ள பொருளே அதுதான். கலஹாரி மணலில் படரும் அச்செடியின் பக்கக் கிழங்குகளில் ஹார்ப்பகோசைடு என்ற சேர்மம் உள்ளது. நாளொன்றுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் ஹார்ப்பகோசைடு கிடைக்குமாறு கொடுத்த ஆய்வுகளில் கீழ்முதுகு வலி குறுகிய காலத்திற்குக் குறைந்திருக்கிறது. முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் டயாசெரின் என்ற மருந்தோடு ஒப்பிட்டுப் பிரான்சில் செய்த ஆய்விலும் அது பின்தங்கவில்லை. ஆனால் வார்ஃபரினோடு அதைச் சேர்த்து எடுத்த ஒருவருக்குத் தோலடியில் இரத்தம் கசிந்த நிகழ்வு மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. ஒரே ஒரு பதிவுதானே என்று வாதிடுவோர் உண்டு. இரத்தம் உறையும் அளவு சற்றுப் பிசகினாலும் மூளையில் கசிவு ஏற்படக்கூடிய மருந்தை எடுப்பவர் விஷயத்தில், அந்த ஒன்று எனக்குப் போதும். இரைப்பைப் புண்ணோ பித்தப்பைக் கல்லோ உள்ளவர்கள் வார்ஃபரின் எடுக்காவிட்டாலும் இதைத் தவிர்க்க வேண்டும். இதுவரை எடுத்ததையும் இப்போது நிறுத்தியதையும் மருத்துவரிடம் சொல்லி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள்.

கேன்சர் புஷ் செடியை சூலு மக்கள் உன்வெலே என்பர். சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்குச் சொல்லப்படும் சான்று பெரும்பாலும் எலிகளிடமிருந்து வந்தது. எச்.ஐ.வி. தொற்றுள்ள, ஆனால் அதற்கான மருந்தை இன்னும் தொடங்காத பெரியவர்களுக்கு இதைக் கொடுத்து நம் நாட்டிலேயே நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமில்லை. தொற்று நோய்களால் அவதியுற்ற நாட்கள் இலையை உண்டவர்களிடம்தான் கூடுதலாக இருந்தன. காசநோயைத் தடுக்க ஐசோனியாசிட் எடுத்துக்கொண்டிருந்த இருவருக்கு, இவ்விலையையும் சேர்த்து உண்டுவந்த நிலையில், காசநோயே வந்தது. உங்கள் தந்தையின் நிலை வேறு என்றாலும், வேறு மாத்திரைகள் உட்கொள்பவர் இதை எடுப்பதற்கான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

பப்பரப்புளி மாவைத் தொடரலாம். மரத்திலேயே காய்ந்துவிடும் அந்தப் பழத்தின் வெண்ணிறச் சதையை ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் உணவுப்பொருளாக ஏற்றது. அதில் ஏறக்குறைய பாதி நார்ச்சத்து. வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு அதிகம். ரொட்டியோடு அதன் கரைசலைப் பருகிய ஆரோக்கியமானவர்களுக்கு உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு சற்றுக் குறைந்திருக்கிறது. அது சர்க்கரை நோய்க்கு மருந்தாகிவிடாது. தயிரிலோ கஞ்சியிலோ ஒரு தேக்கரண்டி கலந்து உண்ணத்தக்க நல்ல உணவு, அவ்வளவே.

மெரிபேங்க் ஆயா:

மகளே, மாத்திரையைப் பற்றித் தம்பி சொல்லிவிட்டார். நான் அடுப்படியைப் பற்றிச் சொல்கிறேன். முருங்கைக் கீரையில் வைட்டமின் கே மிகுதி என்பதால், ஒரு வாரம் அள்ளி உண்டு மறுவாரம் விட்டுவிட்டால் வார்ஃபரினின் அளவு தடுமாறும். கீரையை நிறுத்த வேண்டியதில்லை, வாரந்தோறும் ஒரே அளவில் சமைத்தால் போதும். என் கணவருக்கு மருத்துவமனையில் சொன்ன அறிவுரை இது.

இன்னொன்று, ரூய்போஸ் என்ற நம் நாட்டுச் செடியின் இலையில் போடும் சிவந்த பானம். நம் வீடுகளில் அதைக் குழந்தைக்குக் கொடுக்கும் பானமாக மட்டுமே நினைக்கிறோம். புரட்டாசியிலும் காவடி விரதத்திலும் மரக்கறி உண்பவர்கள், அதிலும் இரத்தசோகை உள்ள பெண்கள், சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை விட்டு இதற்கு மாறுவது நல்லது. 1979-இல் நம் நாட்டில் செய்த சிறு ஆய்வில் இரும்புச் சத்து உறிஞ்சப்பட்ட அளவு தண்ணீரோடு 9.34 விழுக்காடும், ரூய்போஸோடு 7.25 விழுக்காடும், சாதாரணத் தேநீரோடு வெறும் 1.70 விழுக்காடுமாக இருந்தது. காஃபீனும் அதில் இல்லை.

பீனிக்ஸ் வாசகன்:

தலைமுறைகளாகப் பயன்பட்டது என்ற வாதத்திற்கு கள்ளி போன்ற ஹூடியா என்ற செடியின் கதையைத் தங்கள் தந்தையாரிடம் சொல்லுங்கள். வேட்டைக்குச் செல்லும் நம் பகுதியின் பழங்குடியினரான சான் மக்கள் பசியடக்க அச்செடியின் தண்டை மென்றனர். அவ்வறிவைக் கொண்டு நம் நாட்டு அறிவியல், தொழில் ஆய்வு மன்றம் காப்புரிமை பெற்றது. சான் மக்களுக்கு வருவாயில் பங்கு தரும் ஒப்பந்தம் 2003-இல்தான், அதுவும் எதிர்ப்பு எழுந்த பின்னர்தான், கையெழுத்தானது. உரிமம் பெற்றிருந்த யூனிலீவர் 2008-இல் திட்டத்தைக் கைவிட்டது. 2011-இல் வெளியான ஆய்வில், சாறு வடிவில் உண்ட பெண்களின் உணவளவு குறையவில்லை. குமட்டலும் வாந்தியும் வந்தன, இரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் உயர்ந்தன. சான் மக்கள் மென்றது பச்சைத் தண்டு, அதுவும் எப்போதாவது. செறிவூட்டிய சாற்றை நாள்தோறும் விழுங்கிய தலைமுறை எதுவும் இல்லை. டெவில்ஸ் கிளா மாத்திரைக்கும் இது பொருந்தும் என்றே எண்ணுகிறேன்.

சட்ஸ்வொர்த் மகள்:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டை எடுத்து வைத்துவிட்டேன், அப்பாவுக்கு வருத்தம்தான். புட்டியின் மேல் சாஃப்ரா என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் பெயர் அச்சிடப்பட்டிருப்பதைக் காட்டி, அரசே ஒப்புதல் கொடுத்திருக்கிறது என்கிறார். அது சரியா? முழங்காலுக்கு வேறு என்ன வழி?

டர்பன் மருந்தாளுநர்:

அந்த வரியை முழுமையாகப் படித்துக் காட்டுங்கள். பதிவு செய்யப்படாத இம்மருந்தின் தரம், பாதுகாப்பு, பயன்பாடு ஆகியவற்றை சாஃப்ரா மதிப்பிடவில்லை என்பதே அதன் பொருள். ஒப்புதலுக்கு நேர்மாறான அறிவிப்பு அது.

முழங்காலுக்குத் தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்த மாத்திரையைவிடவும் உறுதியான சான்றுடையவை. கடையில் கிடைக்கும் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை வார்ஃபரினோடு ஒருபோதும் கொடுக்காதீர்கள். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையும் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. ஒரு துணைச்சத்து அவருக்குத் தேவைப்படக்கூடும் என்றால், அது யாரும் சொல்லாத வைட்டமின் பி12. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு அதன் அளவு குறைவதுண்டு, மரக்கறி உண்பவர்களுக்கு இன்னும் அதிகமாக. காலில் மரத்துப்போதலோ எரிச்சலோ இருந்தால் சர்க்கரையின் மேல் பழிபோட்டுவிட்டு இருந்துவிடாமல், அடுத்த இரத்தப் பரிசோதனையில் பி12 அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள்.