பழைய பாகங்களை வச்சு வேகமான ஆர்சி (ரிமோட்ல ஓடுற) கார், ஓடுமா?

கேள்வி: பழைய 1:10 அளவு கார் சேஸிஸ் (அடிச்சட்டம்) ஒண்ணு சும்மா கிடக்கு, கூடவே 3500 கேவி (லோடு இல்லாதப்ப வோல்ட்டுக்கு இத்தனை ஆர்பிஎம்) பிரஷ்லெஸ் மோட்டாரும் ஆர்சி பிளேன்ல இருந்து கழட்டின ஈஎஸ்சியும் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) இருக்கு, இதுல 3எஸ் லிப்போ (மூணு செல் லித்தியம் பாலிமர் பேட்டரி) போட்டா ஓடுமா இல்ல புகைதான் வருமா?

பதில்: ஓடும், ஆனா பிளேன் ஈஎஸ்சில பெரும்பாலும் ரிவர்ஸ் கிடையாது, கார்ல வர்ற மாதிரி பிரேக்கும் இருக்காது, அப்புறம் சுவர்தான் பிரேக் 😄 கார் ஈஎஸ்சி ஒண்ணு தேடிப் பிடிங்க.

இன்னொருத்தர்: 3500ஐ 3எஸ்ஸோட 11.1 வோல்ட்டால பெருக்குங்க, லோடு இல்லாதப்ப 38,850 ஆர்பிஎம் வருது, அதனால முதல்ல 2எஸ், சின்ன பினியன் (மோட்டார் தண்டுல மாட்டுற கியர்). கொஞ்சம் ஓட்டிட்டு மோட்டாரைத் தொட்டுப் பாருங்க, விரல் வைக்க முடியலேன்னா பினியன்ல இன்னும் பல் குறைக்கணும்.

கேட்டவர்: சரிங்க. கியரெல்லாம் பிளாஸ்டிக், தாங்குமா?

பதில்: மெஷ் (கியர் பற்கள் ஒண்ணோட ஒண்ணு பொருந்துற இடைவெளி) சரியா வச்சா ஓரளவு தாங்கும். லிப்போ கட்ஆஃப் (வோல்டேஜ் குறைஞ்சா ஈஎஸ்சி மோட்டாரை நிறுத்துற செட்டிங்) மறக்காதீங்க, செல்லுக்கு 3 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது.