அரிசி வெளுத்த காய்

ஏலத்தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஓட்டு வீட்டைப் பிடித்து மூன்று நாள் இருந்துவிட்டு வந்தோம். ஓய்வெடுக்கத்தான் போனது. முதல் நாள் விடிந்தும் விடியாமலும் ஜன்னலுக்கு வெளியே பேச்சுக்குரல், சாக்கு உதறும் சத்தம். காய் எடுப்பு வாரமாம்.

ஏலக்காய் கிளையில் தொங்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். செடி என்னவோ ஆளைவிட உயரம். காய் மட்டும் காலடியில், தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்த சரத்தில். நாள் முழுக்கக் குனிந்தே எடுக்க வேண்டும். வேடிக்கை பார்த்து நின்ற என் கையில் ஒரு அக்கா கூடையைத் திணித்தார். "சும்மா நிக்காதீங்க தம்பி, எடுங்க."

அரை மணி நேரத்தில் அரைக் கூடை சேர்த்துவிட்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவர் அதிலிருந்து ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்தார். உள்ளே அரிசி, அதாவது விதை, வெள்ளைவெளேர். இன்னொன்று, அதுவும் வெள்ளை. "பிஞ்சு தம்பி. காய்ஞ்சா சுருங்கிடும்." தன் கூடையிலிருந்து ஒன்றைப் பிளந்தார்: தோல் பச்சை, அரிசி கருப்பு. அதுதான் பக்குவம். அதையும் தாண்டிப் பழுக்க விட்டால் காயும்போது தோல் வெடித்துவிடுமாம். வெளியிலிருந்து பார்க்க எனக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. சரத்தின் அடியில் காய் முற்றியிருக்கும்போதே நுனியில் பூ நிற்கிறது; அதனால் மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்ப வருகிறார்கள்.

மிளகு பரவாயில்லை. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் முழுச் சரத்தையும் பறிக்கலாம். என் கண்ணுக்கும் தெரியும். ஆனால் ஏணியில் ஏற வேண்டும், மறுத்துவிட்டேன். அட்டை கடித்ததோ கடிக்கும்போது தெரியவே இல்லை. அதன் எச்சில் ரத்தத்தை உறைய விடாது என்பதால், பிடுங்கிப் போட்ட பிறகும் காலுறை நனைந்துகொண்டே இருந்தது.

காய் உலர்த்தும் ஸ்டோர் எங்கள் அறைக்கு அடுத்த கட்டடம். தட்டுகளில் பரப்பி, விறகுச் சூட்டில் ஐம்பது டிகிரிக்குள் வைத்து, கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க உலர்த்துகிறார்கள். சூடு ஏறினால் பச்சை நிறம் போய்விடும் என்று ராத்திரியும் ஒருவர் விழித்திருந்தார். அந்த வாசனை முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம், நடுச்சாமத்தில் தலைவலி. போகிறவர்கள் ஸ்டோர் எவ்வளவு தூரம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஒரு கிலோதான் தேறுகிறது. கிளம்பும் அன்று காலை, காய்ந்ததைத் தேய்த்துக் காம்பு நீக்கிச் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒதுக்கிப் போட்ட சுருங்கல் காய்களைக் காட்டி, "இதெல்லாம் நீங்க எடுத்தது" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டே அதில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நாலைந்தைத் தட்டி டீயில் போட்டேன். வாசனை பேருக்குத்தான்.