புது பிசி: கேம் ஓடும்போது திரை கறுத்துப் போகுது, சில நேரம் டிஸ்ப்ளேவே வரல. கிராஃபிக்ஸ் கார்டு பழுதா?

மழைத்துளி22:

வணக்கம். புதுசா அசெம்பிள் பண்ணின பிசியில டிஸ்ப்ளே பிரச்சனை. கடையில கேட்டா கார்டு பழுது, சர்வீஸுக்கு அனுப்பணும், வர மூணு வாரம் ஆகும்னு சொல்றாங்க. அனுப்புறதுக்கு முன்னாடி இங்க கேட்டுடலாம்னு எழுதுறேன்.

ரைசன் 5 5600, பி550 மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி ரெண்டு, ரேடியான் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி 12 ஜிபி, 650 வாட் கோல்டு எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), எல்லாக் கேபிளும் கழற்றி மாட்டுற வகை. விண்டோஸ் 11.

பத்துத் தடவை ஆன் பண்ணினா மூணு தடவை டிஸ்ப்ளே வராது. போர்டுல விஜிஏ விளக்கு (கார்டுல கோளாறுன்னு காட்டுற விளக்கு) எரிஞ்சபடியே நிக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா வந்துடும். விண்டோஸ் உள்ளே வந்துட்டா பிரவுசர், வீடியோ எதுலயும் தொல்லை இல்ல. கேம் போட்டா 5 நிமிஷத்திலிருந்து 20 நிமிஷத்துக்குள்ள திரை கறுத்துடும்.

டிரைவர் மாத்திப் பாத்தாச்சு, விண்டோஸ் புதுசாப் போட்டாச்சு, மானிட்டர் கேபிள் மாத்தியாச்சு. கார்டுதானா?

தாமிரவழி:

கார்டை அனுப்புவதற்கு முன் நான்கு விஷயம் சொல்லுங்கள்.

ஒன்று, திரை கறுக்கும்போது முழுக் கணினியும் அணைகிறதா, திரை மட்டும் போகிறதா? சத்தம் தொடர்கிறதா? கேப்ஸ் லாக் அழுத்தினால் கீபோர்டு விளக்கு மாறுகிறதா? முழுக் கணினியும் பட்டென்று அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்பு வெட்டியிருக்கலாம், அல்லது யுபிஎஸ் சுமை தாங்காமல் விட்டிருக்கலாம். 600 விஏ யுபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட்தான். உங்கள் பிசியும் மானிட்டரும் சேர்ந்து கேமில் அதைத் தொட்டுவிடும். திரை மட்டும் போனால் தேட வேண்டிய இடமே வேறு.

இரண்டு, ஈவென்ட் வியூவர் (விண்டோஸின் பிழைப் பதிவேடு) திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். திரை போன நேரத்தில் 4101 என்ற எண்ணில் பதிவு இருக்கிறதா? டபிள்யூஎச்இஏ-லாகர் (வன்பொருள் பிழைப் பதிவு) என்ற பெயரில் 17 அல்லது 18 இருக்கிறதா? எத்தனை இருக்கிறது என்பதும் முக்கியம்.

மூன்று, ஜிபியூ-இசட் மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் பெட்டி என்ன காட்டுகிறது? பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட் ஓடவிட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்க் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையிலான இணைப்பு) 1.1 வேகத்துக்கு இறங்கி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான்கு, கார்டுக்குப் பவர் எப்படிக் கொடுத்திருக்கிறீர்கள், கார்டு எங்கே மாட்டியிருக்கிறது? முடிந்தால் படம் போடுங்கள்.

மழைத்துளி22:

திரை மட்டும்தான் போகுது. சத்தம் சில நொடி ஓடுது, கேப்ஸ் லாக் விளக்கு மாறுது. யுபிஎஸ் இல்ல, நேரா சுவர் பிளக்.

4101 மூணு இருக்கு. டபிள்யூஎச்இஏ 17 நேத்து ஒரு மணி நேரத்துல மட்டும் 400-க்கு மேல. உள்ளே "பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட்"னு போட்டிருக்கு. 18 ஒண்ணும் இல்ல. ஜிபியூ-இசட்ல ரெண்டர் டெஸ்ட் ஓடும்போது 16 லேன் (டேட்டா போற தடம்), 4.0.

பவர்: கார்டுல 8 பின் ஒண்ணு, 6 பின் ஒண்ணு. எஸ்எம்பிஎஸ்லருந்து வர்ற ஒரே கேபிள்ல ரெண்டு தலை இருந்துச்சு, ரெண்டையும் மாட்டிட்டேன். கார்டு கண்ணாடி பக்கம் பாக்கிற மாதிரி நிக்க வெச்சு மாட்டியிருக்கு. அதுக்கான ஸ்டாண்டும் கேபிளும் கேபினெட்டோடவே வந்துச்சு.

எஸ்எம்பிஎஸ்_பாலா:

பவர் பக்கத்தை முதல்ல ஒழுங்கு பண்ணிடுங்க ப்ரோ. 6700 எக்ஸ்டி 230 வாட் கார்டு. ஸ்லாட் வழியா மொத்தம் 75 வாட் வரைதான், அதுல 12 வோல்ட் பங்கு 66 வாட். மீதி 164 வாட்டும் கேபிள் வழியாத்தான் போகணும். 8 பின் கணக்கு 150, 6 பின் கணக்கு 75, அதனால கார்டு பக்கம் போதும். ஆனா நீங்க மாட்டியிருக்கிற மாதிரி ஒரே கேபிள்னா அந்த மொத்தமும் எஸ்எம்பிஎஸ் பக்கம் ஒரே சாக்கெட் வழியா ஓடுது. சராசரியைத் தாங்கும். கார்டு மில்லிசெகண்ட் கணக்குல இழுக்கிற உச்சம் சராசரியை விட நல்லா மேல போகும், அப்போ அந்த ஒரு கேபிள்ல வோல்டேஜ் இறங்கும். ரெண்டு தனிக் கேபிள் போடுங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு தலை மட்டும். மீதித் தலை தொங்கட்டும்.

ரெண்டு விஷயத்துல ஜாக்கிரதை. பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் வீட்டுல இருக்குன்னு எடுத்து மாட்டாதீங்க. கழற்றி மாட்டுற கேபிள்ல எஸ்எம்பிஎஸ் பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி, சில நேரம் ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும். சாக்கெட்ல சரியா உட்காரும், ஆனா 12 வோல்ட் போக வேண்டிய இடத்துல கிரவுண்டு போயிடும். பெட்டியோட வந்த கேபிள் மட்டும்.

அடுத்தது, பிராசசர் 8 பின்னையும் கார்டு 8 பின்னையும் குழப்பிக்காதீங்க. ரெண்டா பிரிஞ்சா 4-ம் 4-மா வர்றது பிராசசருக்கு, 6-ம் 2-மா வர்றது கார்டுக்கு. முதலாவதுல 12 வோல்ட் கம்பி நாலு, ரெண்டாவதுல மூணு. அழுத்தி உள்ளே தள்ளினா ஷார்ட்.

மல்டிமீட்டர் இருந்தா கேம் ஓடும்போது கார்டு பக்கக் கனெக்டர்ல 12 வோல்ட் பாருங்க. 11.4-க்கும் 12.6-க்கும் நடுவுல இருக்கணும். முனை நழுவி பக்கத்துப் பின்னைத் தொட்டா ஆபத்து, பழக்கம் இல்லாட்டி இதை விட்டுடுங்க.

புதுக்கட்டு:

எக்ஸ்எம்பி (ரேமை அதிக வேகத்துல ஓட்டுற அமைப்பு) ஆஃப் பண்ணி ரேமை 2133-ல ஓட்டிப் பாருங்க ப்ரோ. புதுக் கணினியில பாதி கிராஷ் ரேம்தான்.

தாமிரவழி:

எக்ஸ்எம்பி யோசனை தப்பில்லை. ஆனால் இங்கே அதற்கு முன்னால் வேறொன்று தெரிகிறது. ரேம் பிழை என்றால் நீலத்திரை, கோப்பு கெட்டுப்போவது, வெவ்வேறு மென்பொருள் வெவ்வேறு மாதிரி மூடுவது என்று சிதறி வரும். இவருக்கு ஒரே மாதிரி 400 பிழை, எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் ரூட் போர்ட்டில். பாலா சொன்ன பவர் கேபிளைக் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் என் சந்தேகம் நீங்கள் கடைசி வரியில் சொன்ன அந்த ஸ்டாண்டு கேபிள்மேல்தான், அதாவது ரைசர் கேபிள்.

காரணம் இதுதான். பிசிஐஇ (பிசிஐ எக்ஸ்பிரஸ், கார்டு மாட்டும் ஸ்லாட்டின் தரம்) 3.0-வில் ஒரு லேனுக்கு நொடிக்கு 8 கிகா டிரான்ஸ்ஃபர், 4.0-வில் 16. வேகம் இரட்டிப்பானால் அதே கேபிளில் சிக்னல் தேய்வதும் கூடும். ரைசர் போட்டால் போர்டு ஸ்லாட்டில் ஒரு இணைப்பு, மறுமுனையில் இன்னொரு இணைப்பு, நடுவில் மடித்து விட்ட பட்டைக் கேபிள். 3.0-வுக்குச் செய்த ரைசர் 3.0-வில் சுத்தமாக ஓடும். பி550 போர்டும் 5600-ம் உங்கள் கார்டும் மூன்றுமே 4.0 தெரிந்தவை. ஆன் செய்ததும் கார்டும் பிராசசரும் குறைந்த வேகத்தில் கைகோத்து, படிப்படியாக ஏறி, இருவருக்கும் தெரிந்த உச்சத்துக்குப் போகும். நடுவில் இருக்கும் கேபிளின் தரம் என்ன என்று இருவருக்கும் தெரியாது. ஏறும்போது தடுக்கினால் விஜிஏ விளக்கு. ஏறிவிட்டால் ஓடும், ஆனால் பிழையோடு ஓடும். பிழைபட்ட பொட்டலத்தை மறுபடி அனுப்பிச் சரிசெய்து கொள்கிறது, அந்தத் திருத்தம்தான் 17-ஆம் எண் பதிவு. கேமில் போக்குவரத்து கூடும்போது பிழையும் கூடும். கார்டு 2 நொடிக்குள் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும், அது 4101. மீட்க முடியாவிட்டால் உங்கள் கறுப்புத் திரை.

ஜிபியூ-இசட் 4.0 என்று காட்டுவது பேசி முடித்த வேகம் மட்டுமே. அந்த வேகத்தில் லிங்க் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது.

செய்ய வேண்டியது: எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்தி மிச்ச மின்னேற்றத்தை வடியுங்கள். கேபினெட்டின் வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு ரைசரைக் கழற்றுங்கள். கார்டைப் பிராசசருக்கு அருகிலுள்ள நீள ஸ்லாட்டில் நேரடியாக மாட்டுங்கள், இரண்டு தனிப் பவர் கேபிளோடு. ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவை அழித்துவிட்டு இரண்டு மணி நேரம் கேம் ஓட்டுங்கள். குளிர்ந்த நிலையிலிருந்து பத்துத் தடவை ஆன் செய்து எத்தனை தடவை டிஸ்ப்ளே வந்தது என்று எண்ணுங்கள். இந்த நேரத்தில் பயாஸிலோ (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) டிரைவரிலோ எதையும் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் நாலு மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது.

மழைத்துளி22:

நேரா மாட்டினேன் அண்ணா. இப்போ டிஸ்ப்ளே ஒரு தடவை கூட வரல. ஃபேன் சுத்துது, விஜிஏ விளக்கு அணையவே இல்ல. முன்னாடியாவது பத்துக்கு ஏழு வந்துச்சு.

எஸ்எம்பிஎஸ்_பாலா:

கார்டு முழுசா உட்காரல. ஸ்லாட்டோட கடைசியில இருக்கிற லாட்ச் தானா மேல வந்து "டக்"னு பூட்டிச்சா? பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க. தங்க நிற விளிம்பு ஒரு ஓரத்துல அதிகமாவும் இன்னொரு ஓரத்துல கம்மியாவும் தெரிஞ்சா சாய்ஞ்சு நிக்குது.

பெரும்பாலும் கார்டோட உலோகத் தகடுதான் காரணம். அதோட கீழ் நுனி போர்டு ஓரத்துக்கும் கேபினெட் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்குல இறங்கணும். அது கேபினெட் விளிம்புல முட்டிக்கிட்டா கார்டு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தூக்கி நிக்கும், நீங்க ஸ்க்ரூ போட்டு இறுக்கும்போது இன்னும் தூக்கும். ஸ்க்ரூவை எடுத்துட்டு கார்டை நேரா அழுத்தி லாட்ச் பூட்டினப்புறம் ஸ்க்ரூ போடுங்க. அப்பவும் துளை நேரா வரலைன்னா போர்டு ஸ்க்ரூ எல்லாத்தையும் தளர்த்தி, போர்டைத் துளி நகர்த்தி மறுபடி இறுக்குங்க.

மழைத்துளி22:

நீங்க சொன்னதேதான். தகடு நுனி கேபினெட் விளிம்புல உட்கார்ந்திருந்துச்சு. சரி பண்ணினேன்.

பத்துக்குப் பத்து டிஸ்ப்ளே வந்துச்சு. ரெண்டரை மணி நேரம் கேம். டபிள்யூஎச்இஏ 17 பூஜ்யம், 4101 பூஜ்யம்.

ரைசரை மறுபடி மாட்ட வழி இருக்கா? அந்த இடத்துல கார்டு பாக்க அழகா இருந்துச்சு.

தாமிரவழி:

இருக்கிறது. 5600-ல் உள் கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் வரிசை முக்கியம். கார்டு இப்போது நேரடியாக இருக்கும்போதே பயாஸுக்குள் போய் முதல் ஸ்லாட்டின் வேகத்தை ஆட்டோவிலிருந்து ஜென் 3-க்கு (அதாவது பிசிஐஇ 3.0) மாற்றிச் சேமியுங்கள். போர்டுக்குப் போர்டு பெயர் மாறும், அட்வான்ஸ்டு பகுதியில் பிசிஐஇ ஸ்லாட், லிங்க் ஸ்பீட், ஜென் ஸ்விட்ச் என்ற சொற்களோடு இருக்கும். பிறகு அணைத்து ரைசரை மாட்டுங்கள். அதே இரண்டு மணி நேரச் சோதனையை மறுபடி ஓட்டி 17 எண்ணிக்கை பூஜ்யமா என்று பாருங்கள். ஜென் 3-லும் பிழை வந்தால் அந்த ரைசரைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

சீமாஸ் (பயாஸ் அமைப்புகள் சேமித்த இடம்) அழித்தாலோ, பயாஸ் அப்டேட் செய்தாலோ, போர்டு பேட்டரி தீர்ந்தாலோ இந்த அமைப்பு ஆட்டோவுக்குத் திரும்பிவிடும். அன்றைக்கு மறுபடி விஜிஏ விளக்கு எரியும். அதனால் கேபினெட்டின் உட்பக்கம் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி வையுங்கள்.

வேக இழப்பு: உங்கள் கார்டு 16 லேன். 3.0-வில் ஒரு திசைக்கு நொடிக்குச் சுமார் 15.75 ஜிபி, 4.0-வில் சுமார் 31.5. 12 ஜிபி நினைவகம் உள்ள கார்டுக்குக் கேமில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது. இதையே ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 மாதிரி 8 லேன் கார்டுக்குச் சொல்ல மாட்டேன், அங்கே கொஞ்சம் தெரியும். வெறும் 4 லேனும் 4 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நன்றாகவே அடி விழும். வாங்குவதானால் பெட்டியில் 4.0 என்று அச்சிட்ட ரைசர், எவ்வளவு குட்டையாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால் நேரடியாகவே விட்டுவிடுங்கள். நிற்க வைக்கும்போது ஃபேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி குறைந்து காற்று திணறும். இந்தக் கார்டின் ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான புள்ளி) எல்லை 110 டிகிரி. எங்கே மாட்டினாலும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் அந்த எண்ணைப் பாருங்கள்.

கடல்நீலம்:

இழைக்கு இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் ரைசர் இல்லை, டபிள்யூஎச்இஏ பதிவும் இல்லை. பயாஸ் திரையிலேயே சின்னச் சின்ன வண்ணச் சதுரங்கள் வருகின்றன. டிரைவர் போட்டதும் விண்டோஸ் உறைகிறது. டிரைவரை நீக்கினால் உறைவதில்லை, சதுரங்கள் மட்டும் அப்படியே. கேபிளும் மானிட்டரும் மாற்றிப் பார்த்தாயிற்று.

தாமிரவழி:

உங்களுடையது கார்டுதான் என்று பெரும்பாலும் சொல்லலாம். பயாஸ் திரையில் விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயே சதுரம் வந்தால் நினைவகச் சில்லு, அல்லது அதற்கும் ஜிபியூவுக்கும் இடையிலுள்ள சால்டர். டிரைவர் ஏறியதும் கார்டு முழு வேகத்துக்குப் போகிறது, அதனால்தான் அப்போது உறைகிறது. உறுதிப்படுத்த ஒரே வழி, கார்டை இன்னொரு கணினியில் மாட்டிப் பார்ப்பது. அங்கும் பயாஸ் திரையில் அதே சதுரம் வந்தால் வேறு சோதனை தேவையில்லை. ஓவனில் வைப்பது, ஹீட் கன் அடிப்பது என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், வாரண்டி அதோடு போய்விடும்.

கடைக்குப் போகும்போது பில், பெட்டி, சீரியல் எண் ஸ்டிக்கர் கிழியாமல் கார்டு, இரண்டு கணினியிலும் சதுரங்கள் தெரியும் வீடியோ. ஒப்படைப்பதற்கு முன் கார்டின் இருபுறமும், தங்க நிற விளிம்பும், பவர் சாக்கெட்டும் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். உடைப்பு, எரிந்த தடம் என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினால் அந்தப் படம் உதவும்.

மழைத்துளி22:

ஜென் 3-ல ரைசரோட ரெண்டு மணி நேரம் ஓட்டினேன், 17 பூஜ்யம். ஆனா ஹாட்ஸ்பாட் 103 வரை போச்சு, நேரா மாட்டினப்போ 91. நேராவே விட்டுட்டேன், ஸ்லாட்டையும் ஆட்டோவுக்கு மாத்திட்டேன். கார்டைக் கடையில கொடுக்கல. தாமிரவழி அண்ணா, பாலா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தலைப்புல "தீர்ந்தது"ன்னு போடச் சொல்லிடறேன்.